தூக்கிப் பிடித்த கை: ஒரு வட்டவாள் விபத்தை மறுபடி பார்த்தது

தச்சுவேலை செய்கிற தம்பி ஒருவரின் தொடையை வெட்டிய அந்தக் கரண்ட் வட்டவாள் என்னுடையது, நான் இரவல் கொடுத்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த விபத்தைப் பற்றி ஊரில் பேசினவர்கள் எல்லாரும், வேலை செய்த தம்பியின் கவனக்குறைவு என்றுதான் பேசினார்கள். இரண்டொருவர் கண்ணூறு என்றார்கள். முதல் நாள் இரவு நானும் கவனக்குறைவுப் பக்கம்தான் நின்றேன். மறுநாள் காலையில் அந்த மரத்தையும் வாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

இடம் இலங்கையின் வன்னியில், ஒட்டுசுட்டானுக்கு உள்ளே ஒரு கிராமம். காலம் ஆவணிக் கடைசி. சோளகக் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. வன்னியில் அது கூரை வேலைக்காரர்களுக்கு மூச்சுவிட நேரமில்லாத காலம். ஐப்பசியில் மாரி தொடங்குமுன் சீற்றோ ஓடோ ஏறிவிட வேண்டும். வேலையைக் கொந்தறாத்துக்கு, அதாவது ஒப்பந்தத்துக்கு, எடுத்தவர் ஒரே நேரத்தில் மூன்று வீட்டில் கை வைத்திருப்பார். தம்பியும் அப்படித்தான். இருபத்தேழு வயது. பதினாறு வயதில் தகப்பனோடு உளி பிடிக்கத் தொடங்கியவர், கை சுத்தம்.

வீடு, மீள்குடியேறிய பிறகு கிடைத்த வீட்டுத்திட்ட வீடு. பின்பக்கம் குசினி இழுத்துக் கட்டுகிறார்கள். வீட்டுக்காரி அறுபது தாண்டிய அம்மா. இடம்பெயர்வதற்கு முன் அதே வளவில் இருந்த பழைய வீடு இடிந்துபோனது. திரும்பி வந்தபோது கல் குவியலுக்குள் ஒரு பாலைமர வளை, கூரையைத் தாங்கும் நீள மரம், மட்டும் முழுதாகக் கிடந்தது. அதை மாட்டுக் கொட்டிலில் மழை படாமல் வருடக்கணக்காக வைத்திருந்தார். பாலையில் கறையான் லேசில் பல்லு வைக்காது. 13 அடி நீளம், 6 அங்குல அகலம், 2 அங்குலக் கனம். அதில் 9 அடி குசினி வளைக்கு. மிச்சம் 4 அடி சாமித்தட்டுக்கு. ஒரு அங்குலமும் வீணாகக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை.

பின்னேரம் ஐந்தரை மணி

சீமெந்துக் கல்லை இரண்டு இடத்தில் அடுக்கி, அதன்மேல் வளையைப் படுக்க வைத்தார்கள். வெட்டுக்கோடு இரண்டாவது அடுக்குக்கு வெளியே ஒரு சாண் தூரத்தில். அந்தப் பக்கம் நாலு அடிக்குமேல் அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நின்றது. இதுவரை பிழையில்லை. வெட்டி விழுத்தும் துண்டு இப்படி அந்தரத்தில்தான் நிற்க வேண்டும். வெட்ட வெட்ட அது தன் பாரத்தில் கீழே சாயும், வெட்டின வாய் மேல்பக்கம் விரியும், வாளுக்கு வழி கிடைக்கும்.

ஆனால் இது விழுத்தக்கூடிய துண்டு இல்லை. பாலை ஏறக்குறையத் தண்ணீரின் கனம், அதற்குச் சற்று மேலேகூட. நாலு அடித் துண்டு 9 கிலோவுக்குக் குறையாது. சீமெந்து நிலத்தில் மூலை குத்தி விழுந்தால் சிராய் பெயரும். அம்மா பேரனைக் கூப்பிட்டார். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் நிற்கிற பெடியன்.

“விழ விடாதை ராசா, நல்லாப் பிடி. அது எங்கட பழைய வீட்டு வளை.”

“ஓம் அம்மம்மா” என்று பெடியன் துண்டின் நுனிக்குக் கீழே இரண்டு கையையும் கொடுத்துக்கொண்டு குந்தினான்.

தம்பி வாளை ஓட்டினார். 6 அங்குலத்தில் நாலரை அங்குலம் போயிற்று. அந்த இடத்தில் துண்டு தளரத் தொடங்கும். கையில் பாரம் கூடுவது பெடியனுக்குத் தெரிந்தது. அம்மம்மா விழ விடாதே என்றிருக்கிறார். அவன் தூக்கினான். எவ்வளவு தூக்கினாய் என்று பிறகு கேட்டபோது, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி காட்டினான். அரை அங்குலம் இருக்கும்.

வாள் ஒருமுறை உறுமியது. பிறகு பின்னால் பாய்ந்தது. தம்பி வாளுக்கு நேர் பின்னால், இடது காலை முன்வைத்து நின்றார். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். பிளேட் முழங்காலுக்கு மேலே தொடையில் பட்டது. வாள் பாய்ந்தவுடன் விரல் சுவிட்சிலிருந்து விடுபட்டதால் பிளேட் வேகம் குறைந்துகொண்டிருந்தது. இல்லாவிட்டால் எலும்போடு நின்றிருக்காது.

அதற்குப் பிறகு சரியாக நடந்ததெல்லாம் அம்மாவின் புண்ணியத்தில். பயந்து சத்தம் போடவில்லை. கொடியில் கிடந்த தோய்த்த துவாயை எடுத்து மடித்து, காயத்தில் வைத்து, தன் முழுப் பாரத்தையும் கொடுத்து அமத்தினார். துவாய் நனைந்தபோது அதை எடுத்துப் பார்க்கவில்லை, அதன்மேலேயே இன்னொன்றை வைத்தார். எடுத்துப் பார்த்தால் உறையத் தொடங்கிய இரத்தம் மறுபடி உடைத்துக்கொண்டு ஓடும். அது அவருக்கு யாரும் பாடம் நடத்திச் சொன்னதில்லை. 2009இல் கற்றுக்கொண்டது என்று மட்டும் சொன்னார். பெடியன் 1990 என்கிற அவசர இலக்கத்துக்கு அழைத்தான், அம்புலன்ஸ் வந்தது. காயத்துக்கு உள்ளும் வெளியுமாக இரண்டு அடுக்குத் தையல். மூன்று மாதம் ஏணி ஏறக்கூடாது என்றார்கள்.

மறுநாள் காலை

வளை அப்படியே கல்லடுக்கில் கிடந்தது. ஒருவரையும் தொட விடவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அங்கேதான் போனேன்.

முதலில் வெட்டின வாய்க்குள் ரோச் அடித்துப் பார்த்தேன். இரண்டு சுவரிலும் கறுப்பு. பிளேட் உரசி எரித்த கறுப்பு. ஆனால் அது சுவர் முழுவதும் இல்லை. மேல் விளிம்பை ஒட்டி ஒரு விரல் அகலத்துக்கு மட்டும், அதுவும் வெட்டு முடிந்த இடத்துக்குக் கிட்டத்தில். கீழ்ப் பாதியில் சுவர் பாலைக்கே உரிய செம்பழுப்பாகச் சுத்தமாக இருந்தது. அதாவது வாய் மேலே மூடி, கீழே திறந்திருக்கிறது. பாரத்தில் சாய்ந்த துண்டு இதற்கு நேர்மாறாகத் திறக்கும். மேலே மூட வேண்டும் என்றால் அந்த நுனி உயர்ந்திருக்க வேண்டும். பெடியனிடம் கேள்வி கேட்கத் தொடங்கியது இதைப் பார்த்த பிறகுதான். அதுவரை அவனை யாரும் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அவன் பிடித்துக்கொண்டுதானே இருந்தான், வெட்டினது மற்றவர்தானே.

இரண்டாவது, வெட்டுத் தொடங்கிய விளிம்பில், தம்பி நின்ற பக்கம், வாயின் மேல் முனை பிய்ந்திருந்தது. பிளேட் தான் வெட்டிய வழியாலேயே பின்னோக்கி ஏறி வெளியே வந்த தடம் அது.

ஏன் பின்னோக்கி? வன்னியில் இதை விளங்கப்படுத்த உழவு இயந்திரமே போதும். சேற்றுக்குள் பெரிய சில்லு இறுகிப்போனால் என்ன நடக்கும்? எஞ்சின் சுற்றச் சொல்கிறது, சில்லு சுற்ற மாட்டேன் என்கிறது. அப்போது சில்லுக்குப் பதிலாக மெசினின் உடம்பு சுற்றப் பார்க்கும், முன்பக்கம் தூக்கும். அனுபவமுள்ள சாரதி உடனே கிளச்சை மிதிப்பார். வட்டவாளும் அப்படித்தான். பிளேட்டின் பற்கள் மரத்துக்குக் கீழே முன்னோக்கி ஓடி, முன்பக்கத்தால் மேலேறி வருகின்றன. மரம் பிளேட்டைக் கவ்விப் பிடித்தால், பல்லை முன்னால் தள்ளிய அதே பலம் இப்போது வாளைப் பின்னால் தள்ளும். பிளேட்டின் பின்விளிம்பு மரத்தைப் பற்றினால் வாளை மேலேயும் தூக்கும். மேலே, பின்னால். அங்கே நிற்பது வெட்டுகிற ஆள்.

வேகத்தையும் சொல்ல வேண்டும். என்னுடையது 185 மில்லிமீற்றர் பிளேட், எங்கள் கணக்கில் ஏழே கால் அங்குலம். வெறுமனே ஓடும்போது நிமிடத்துக்கு 5,000 சுற்று. பல்லின் நுனி மணிக்கு 170 கிலோமீற்றருக்கு மேல் ஓடுகிறது. மனிதன் ஒன்றைக் கண்டு கையை அசைக்க ஏறத்தாழ ஐந்தில் ஒரு வினாடி எடுக்கும். அதற்குள் பிளேட் பதினாறு முறை சுற்றிவிடும். ஆகவே “பாயும்போது பிடித்துக்கொள்ளலாம்” என்கிற பேச்சுக்கு இடமில்லை. கிளச்சை மிதிக்க நேரம் கிடையாது.

கைவாளில் வேலை பழகிய பழைய ஆட்களுக்கு மரம் கவ்வுவது புதிதில்லை. “வாள் இறுகுது, அந்த நுனியைக் கொஞ்சம் விடு” என்று சொல்லிச் சொல்லியே வெட்டுவார்கள். கைவாள் இறுகினால் நிற்கும், அவ்வளவுதான். மனிதனின் பலம்தானே அதன் எஞ்சின். நுனியைப் பிடிக்கிற ஆள் எப்போது தாங்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்பதைக் கைவாள் காலத்துப் பெடியன்கள் திட்டு வாங்கி வாங்கிப் பழகினார்கள். மெசின் வந்த பிறகு அந்தப் பழக்கம் ஒரு தலைமுறையோடு போய்விட்டது. தம்பிக்குத் தகப்பன் சொல்லிக் கொடுத்திருந்தார். நுனி பிடித்தவனுக்குச் சொல்லிக் கொடுக்க யாரும் இருக்கவில்லை. அவனிடம் யாரும் சொன்ன ஒரே சொல் “விழ விடாதை.”

ஆப்பிழுத்த குரங்கின் கதையைச் சின்ன வயதில் எல்லாரும் கேட்டிருப்போம். பாதி பிளந்த மரத்தில் செருகியிருந்த ஆப்பை இழுத்து, மரம் மூடி, மாட்டிக்கொண்ட குரங்கு. வேலையில்லாத வேலை பார்க்காதே என்பதற்குச் சொல்லும் கதை. மரவேலைக்காரன் கண்ணால் பார்த்தால் அதில் வேறொன்றும் இருக்கிறது. பிளந்த மரம் தானாக மூடப் பார்க்கும். அதனால்தான் தச்சர்கள் ஆப்பு வைத்தார்கள். நீளவாக்கில் பலகை பிளக்கும்போது வாளுக்குப் பின்னால் ஓரடி தூரத்தில் ஒரு சின்ன ஆப்பைச் செருகிவிட்டு மேற்கொண்டு ஓட்டுவது இன்றைக்கும் அதே காரணத்துக்குத்தான். முதிரையும் தேக்கும் பிளக்கும்போது உள்ளே அடங்கியிருந்த இழுவை விடுபட்டு இரண்டு பாதியும் வளையும். விலை கூடின வாள்கள் சிலவற்றில் பிளேட்டுக்குப் பின்னால் ஒரு மெல்லிய தகடு நிற்கும், அது கூடவே வரும் ஆப்பு. என்னுடைய வாளில் அது இல்லை.

கட்டுக்கம்பி

இப்போது எனக்குச் சங்கடமான பகுதி.

வட்டவாளுக்கு இரண்டு மூடி. மேலே உள்ளது அசையாது. கீழே உள்ளது சுருள்வில்லில் நிற்பது. மரத்தின் விளிம்பு தள்ள அது பின்னால் ஒதுங்கும், வாள் மரத்தை விட்டு வெளியே வந்த கணமே தானாகத் திரும்பிப் பிளேட்டை மூடும். அன்றைக்கு அந்தக் கீழ் மூடி, கொங்கிறீற்றுக் கம்பி கட்டுகிற மெல்லிய கட்டுக்கம்பியால் மேலே இழுத்துக் கட்டப்பட்டிருந்தது.

பார்த்த எல்லாரும் “ஆ, இதுதான் காரணம்” என்றார்கள். அதில் பாதிதான் சரி. மூடி சரியாக இருந்திருந்தாலும் வாள் பாய்ந்திருக்கும். மரம் கவ்வுவதற்கும் மூடிக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் பாய்ந்த வாள் மரத்தை விட்டு வெளியே வந்தவுடன் மூடி விழுந்திருக்கும். அநேகமாகத் தொடையில் பட்டது மூடியின் உலோகமாகவும் அடித்தட்டாகவும் இருந்திருக்கும். கண்டிப்போயிருக்கும், எண்ணெய் போட்டுத் தேய்த்துவிட்டு அடுத்த நாள் வேலைக்கு வந்திருப்பார். விபத்துக்குக் காரணம் தூக்கின நுனி. காயத்துக்குக் காரணம் கம்பி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால், கம்பியை அவிழ்த்துவிட்டு மறுநாளும் நுனியைத் தூக்கிப் பிடிப்போம்.

சரி, கம்பி ஏன் வந்தது? வாளை இரவல் கொடுத்து மூன்று வாரம். அதற்கு முன் நான் அதில் பனைமரம் வெட்டினேன். பனையின் வயிரம் கறுப்புக் கறுப்பாக நார் நாராக வரும், ஊசி மாதிரி. அந்த நாரும் தூளும் மூடி சுழலும் இடத்துக்குள் போய் அடைந்துகொள்ளும். என் கையிலேயே மூடி சோம்பலாகத்தான் திரும்பியது. ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் விரலால் தட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். துப்புரவாக்காமல் அப்படியே கொடுத்தேன். ஒரு கிழமை கழித்துத் தம்பி போன் எடுத்தார்.

“அண்ணை, கீழ் மூடி இறுகுது. ரீப்பை வெட்டேக்க நுனியில தட்டுப்பட்டு நிக்குது.”

“கொஞ்சம் தட்டிவிட்டு வெட்டு தம்பி” என்றேன்.

இதுதான் நான் கொடுத்த தொழில்நுட்ப ஆலோசனை. ரீப்பை என்பது கூரைக்கு அடிக்கிற மெல்லிய சட்டம். அன்றைக்கு நூற்றுக்கு மேற்பட்ட ரீப்பைத் துண்டு வெட்ட வேண்டியிருந்தது. நூறு முறை தட்டிவிட யாருக்குப் பொறுமை? மத்தியானம் கம்பியால் கட்டினார், பின்னேரம் அவிழ்ப்பதாக நினைத்துக்கொண்டு. அவிழ்க்கவில்லை. கட்டினது இரண்டு நாளில் கண்ணுக்குப் பழகிவிடும், பிறகு அது வாளின் ஒரு பகுதி மாதிரி.

கம்பியை அவிழ்த்து, பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு, பிளேட்டையும் கழற்றி மூடியைத் துப்புரவாக்க எனக்குப் பிடித்த நேரம் இருபது நிமிடம். பழைய பல்துலக்கும் பிரஷ், உலர்ந்த துணி. எண்ணெய் விடவில்லை. எண்ணெய் விட்டால் அடுத்த நாள் தூள் பசையாகிவிடும். சுருள்வில் நன்றாகவே இருந்தது. துப்புரவானதும் மூடி “டக்” என்று விழுந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டபோதுதான் உண்மையில் மனம் கனத்தது. இப்போது வாளை எடுக்கிற ஒவ்வொரு நாளும் பிளக் குத்துமுன் மூடியைத் திறந்து விட்டு அந்த “டக்” கேட்கிறேன். ஆழத்தையும் சாய்வையும் மாற்றினால் மறுபடி ஒருமுறை. கேட்காவிட்டால் வேலை இல்லை. இரவல் கேட்டு வருகிறவருக்கும் அதைக் காட்டித்தான் கொடுக்கிறேன்.

சின்னச் சின்னப் பிழைகள்

பிளேட் முழு ஆழத்துக்கு இறக்கியிருந்தது. 50 மில்லிமீற்றர் மரத்துக்கு 65. கீழே ஒரு பல் எட்டிப்பார்த்தால் போதும், ஐந்தாறு மில்லிமீற்றர். ஆழமாக விட்டால் வாள் லேசாக ஓடும் என்று பழைய ஆட்கள் சொல்வது முழுப் பொய் இல்லை. ஒரே நேரத்தில் மரத்துக்குள் நிற்கிற பல்லின் எண்ணிக்கை குறைவதால் அப்படி ஒரு இலகு தெரியும். ஆனால் அந்த இலகுக்கு விலையாக மரத்துக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பிளேட் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அடியில் கை கொடுத்துப் பிடிக்கிற பழக்கம் உள்ள ஊரில் அது நல்ல பேரம் இல்லை.

கரண்ட் பக்கத்து அறையிலிருந்து 40 மீற்றர் வயரில் வந்தது. வயர் மின்குமிழுக்குப் போடுகிற மெல்லிய ரகம், அரைச் சதுர மில்லிமீற்றர். வாள் 6 அம்பியர் இழுக்கும்போது அப்படிப்பட்ட வயரிலேயே 20 வோல்ற் அளவுக்குத் தொலைந்துபோகும். வாள் மெலிந்து ஓடும். மெலிந்து ஓடினால் மனிதன் தள்ளுவான். தள்ளும்போது உடம்பு முன்னால் சாயும், பாயும்போது விலக இடமிருக்காது. இப்போது ஒன்றரைச் சதுர மில்லிமீற்றர் வயர் வைத்திருக்கிறேன், சுருட்டை முழுவதும் விரித்துத்தான் ஓட்டுகிறேன். வீட்டில், கரண்ட் கசிந்தால் அணைக்கிற 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் பொத்தானை அமத்திப் பார்த்த பிறகுதான் பிளக். வயர் வெட்டுகிற பக்கம் வராமல் தோளுக்குப் பின்னால் கிடக்க வேண்டும்.

பிளேட்டில் 24 பல்லில் இரண்டு இல்லை. இது வன்னிக்கே உரிய கதை. போன வருடம் புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு வளவில் பனை வெட்டியபோது உள்ளே இருந்த ஷெல் துண்டில் பட்டுப் போனவை. இங்கே வயதான மரம் எதற்குள்ளும் இரும்பு இருக்கலாம். மரம் அறுத்து விற்கிற மரக்காலையில் எங்கள் பக்கத்து மரம் என்றால் ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பது சும்மா இல்லை. பழைய ஸ்பீக்கர் காந்தத்தை நூலில் கட்டி மரத்தின்மேல் ஓடவிட்டுப் பார்ப்பேன், இரும்பிருந்தால் நூல் சரியும். ஆழத்தில் இருந்தால் காட்டாது. செம்பும் ஈயமும் காந்தத்துக்குப் பிடிபடாது. அதனால் கண்ணாலும் பார்க்க வேண்டும். மூடிப்போன ஓட்டை, அதைச் சுற்றி மை தெளித்தது போன்ற கறுப்பு. அம்மாவின் வளையில் பழைய ஆணி ஏழு இருந்தது. தம்பி ஏழையும் பிடுங்கித்தான் வெட்டத் தொடங்கியிருந்தார். கவனக்குறைவான ஆள் அப்படிச் செய்ய மாட்டார்.

பல் போன பிளேட்டை நான் எப்போதோ எறிந்திருக்க வேண்டும். விலை பார்த்தேன்.

விபத்துக்குப் பிறகு பக்கத்து வேலைத்தளத்தில் ஒருவர் சொன்னாராம், பெரிய வாள்தான் ஆபத்து, 4 அங்குல மாபிள் கட்டரில் மர பிளேட் போட்டு வெட்டினால் பயமில்லை என்று. எனக்கு இதைக் கேட்டுக் கோபம்தான் வந்தது. எங்கள் பக்கம் வட்டவாள், மாபிள் கட்டர், கிரைண்டர் மூன்றுக்கும் “கட்டர்” என்று ஒரே பெயர், அதனால் மூன்றும் ஒரே சாமான் என்று நினைத்துவிடுகிறோம். மாபிள் கட்டர் நிமிடத்துக்கு 12,000 சுற்று அளவில் ஓடுவது. அதற்குத் தானாக விழும் கீழ் மூடியே கிடையாது. கல் வெட்டும் தட்டுக்குப் பல் இல்லை, அது கடிக்காது. மர பிளேட் கடிக்கும். கிரைண்டருக்கு மரத்தில் படிந்து நிற்க அடித்தட்டும் இல்லை, அதில் பல் வைத்த பிளேட் பூட்டுவது இரண்டு கையாலும் பாம்பைப் பிடிப்பது போல. அந்த பிளேட் எத்தனை சுற்று வரை தாங்கும் என்று அதன் முகத்திலேயே அடித்திருக்கும். மெசினின் வேகம் அதைவிடக் கூடவாக இருந்தால் பூட்டவே கூடாது.

மறுபடி வெட்டியது

ஒன்றரை மாதம் கழித்து வளையை மறுபடி வெட்ட வேண்டி வந்தது. பாதியில் நின்ற வெட்டிலேயே தொடர்வது புத்தியில்லை, எரிந்து வளைந்த வாய் பிளேட்டை மறுபடி பிடிக்கும். எதிர்ப் பக்கத்திலிருந்து கோடு போட்டோம். தம்பி பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து மேற்பார்வை. வாள் என் கையில்.

இந்த முறை கல்லடுக்கு இரண்டு அல்ல, நாலு. வெட்டுக்கோட்டின் இரு பக்கமும் ஒவ்வொரு சாண் தள்ளி ஒன்று, நுனிகளுக்குக் கிட்ட ஒவ்வொன்று. உயரம் முழங்காலுக்குக் கீழே. ஒவ்வொரு அடுக்கின்மேலும் ஒரே கனத்தில் ரீப்பைத் துண்டு. மட்டக்குழாய் பிடித்துப் பார்த்தோம், நாலும் ஒரே மட்டம். இப்படி வைத்தால் வெட்டி முடிந்த பிறகும் இரண்டு துண்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். விழ ஒன்றுமில்லை. ஆகவே பிடிக்க ஆளும் வேண்டாம். இதற்குச் செலவு பன்னிரண்டு கல்லும் பத்து நிமிடமும்.

வளையை இரண்டு இடத்தில் கிளாம்ப் போட்டு இறுக்கினேன். வாளின் அகலமான அடித்தட்டு 9 அடிப் பக்கத்தில் படிந்து நிற்க, பிளேட் கோட்டின் மறுபக்கம். நான் பிளேட்டின் நேர்க்கோட்டிலிருந்து இடப்பக்கம் விலகி நின்றேன். இரண்டு கையும் வாளில். கண்ணாடி, காதடைப்பு, சாரத்துக்குப் பதில் ஜீன்ஸ். மரத்தில் படாமல் ஓடவிட்டு, முழு வேகம் வந்த பிறகு மெல்ல உள்ளே விட்டேன். நடுவில் ஒருமுறை சத்தம் கனத்தது. உடனே சுவிட்சை விட்டேன். வாளை இழுக்கவில்லை, தூக்கவில்லை, பிளேட் நிற்கும் வரை அப்படியே வைத்திருந்தேன். சுற்றிக்கொண்டிருக்கிற பிளேட்டை வெட்டுவாயிலிருந்து இழுப்பதுதான் பலருக்குக் கை பழகின பிழை. பார்த்தால் ஒரு அடுக்கு கொஞ்சம் இறங்கியிருந்தது. அதன்மேல் ஒரு ஆப்பைச் செருகித் தட்டி மட்டத்தைச் சரிசெய்துவிட்டு, பல் மரத்தில் படாதபடி வாளை ஒரு விரல் பின்னுக்கு எடுத்து, வேகம் வந்த பிறகு தொடர்ந்தேன்.

பழைய வெட்டுக்கு ஒரு விரல்கடை இருக்கும்போது நிறுத்தச் சொன்னார் தம்பி. “மிச்சத்தைக் கைவாளால எடுங்கோ அண்ணை.” கோட்டைத் தாண்டி எரிந்த வாய்க்குள் பிளேட் போய்விடும் என்பது அவர் கணக்கு. சரியான கணக்கு.

கைவாளுக்குத் துண்டு கொஞ்சம் இறுகியது. பெடியன் திண்ணையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்குப் பிறகு மரத்துக்குக் கிட்டவே அவன் வரவில்லை என்று அம்மா சொல்லியிருந்தார். நான் கூப்பிட்டேன். வந்தான், நுனிக்குப் பக்கத்தில் குந்தினான், கையைக் கொடுக்கவில்லை. என்னைப் பார்க்காமல் தம்பியைப் பார்த்துக் கேட்டான்.

“தூக்கிறதோ அண்ணை, விடுறதோ?”

“விடு. சாயிற அளவுக்கு விடு. நான் சொல்லேக்க மட்டும் தாங்கு.”